முகாத்தபா: சொல்லும் பொருளும்

ஓர் அடிமை, இன்ன தொகையைத் தவணைகளில் செலுத்தித் தன்னை மீட்டுக்கொள்வதாக எஜமானருடன் செய்துகொள்ளும் உடன்படிக்கையை இஸ்லாமியச் சட்டநூல்கள் ‘முகாத்தபா’ என்கின்றன; உடன்பட்ட அடிமைக்கு ‘முகாத்தப்’ என்று பெயர். எழுதுதலைக் குறிக்கும் க-த-ப என்னும் அரபு வேரிலிருந்து பிறந்த இச்சொல்லின் வடிவம், இருவர் சேர்ந்து செய்யும் செயலை உணர்த்துவது. எஜமானரின் கொடையாக ஒருதலையாய் நிகழும் ‘இத்க்’ (உரிமை விடுதல்) வேறு, அடிமையும் ஒரு தரப்பாக நின்று பேசி முடிக்கும் முகாத்தபா வேறு. இதன் தவணைக்கு ‘நஜ்ம்’, அதாவது விண்மீன், என்று பெயர். விண்மீன்களின் உதயத்தைக் கொண்டு அரபிகள் கெடுவைக் கணித்த வழக்கம் அச்சொல்லில் தங்கிவிட்டது.

குர்ஆனின் 24:33 வசனம், அடிமைகள் இதை நாடினால், அவர்களிடம் நன்மை இருப்பதாக எஜமானர்கள் அறிந்தால் உடன்படுமாறும், இறைவன் அளித்த செல்வத்திலிருந்து அவர்களுக்குக் கொடுக்குமாறும் பணிக்கிறது. இந்தப் பணிப்பு கட்டாயமா, விரும்பத்தக்கது மட்டுமா என்பதே பெரும் வினா. செல்வம் படைத்திருந்த சீரீன் என்னும் அடிமை உடன்படிக்கை கேட்டபோது அவருடைய எஜமானரும் நபித்தோழருமான அனஸ் மறுத்ததாகவும், கலீஃபா உமர் இவ்வசனத்தை ஓதியபடி அனஸைச் சாட்டையால் அடித்து இணங்க வைத்ததாகவும் புகாரியின் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. உமர் அதைக் கட்டளையாகவே கொண்டார் என்பது இதில் தெளிவு. பின்னாளில் வசனத்தின் நேர்ப்பொருளையே பற்றி நிற்கும் ளாஹிரிகள் அக்கருத்தில் நிற்க, நான்கு மத்ஹபுகளின் (சட்ட மரபுகளின்) பெரும்பான்மைச் சட்ட அறிஞர்கள் விரும்பத்தக்கது என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர். எஜமானரின் விருப்பத்தை அடிமையின் வேண்டுகோளுக்கு மேலே வைத்த இந்த முடிவு, வசனத்தின் அறநோக்கைச் சுருக்கிவிட்டது என்றே கருதுகிறேன்.

பரீரா என்ற பெண் ஆண்டுக்கு ஓர் ஊக்கியா (பழைய எடையளவு) வீதம் ஒன்பது ஊக்கியா வெள்ளிக்கு உடன்பட்டு, நபிகளின் மனைவி ஆயிஷாவிடம் உதவி கேட்டு வந்த செய்தியும் பெயர்பெற்றது. ஆயிஷா முழுத்தொகையையும் தர முன்வந்தபோது, விடுவிக்கப்பட்டவருடன் நீடிக்கும் ‘வலா’ என்னும் சட்ட உறவு தங்களுக்கே வேண்டுமென்று எஜமானர்கள் அடம்பிடித்தனர். விடுவித்தவருக்கே அது உரியது என்று நபிகள் தீர்ப்பளித்தார்.

உடன்படிக்கைக்குப் பின் அடிமை தாமே பொருளீட்டலாம். அப்பொருள் அவர் கைக்கே உரியது. ஆயினும் கடைசி திர்ஹம் (வெள்ளி நாணயம்) செலுத்தும்வரை அவர் அடிமையே என்பதும், செலுத்த இயலாவிட்டால் பழைய நிலைக்கே திரும்ப நேரும் என்பதும் பெரும்பான்மைக் கருத்து.

முகாத்தபாவைத் தமிழில் ‘விடுதலைப் பத்திரம்’, ‘உரிமைப் பத்திரம்’ என்று எழுதுவதுண்டு. பத்திரம் என்றதும் எஜமானர் எழுதித் தரும் ஏடு நினைவுக்கு வருகிறதேயன்றி, அடிமையின் முயற்சியும் அவர் செலுத்தும் விலையும் தோன்றுவதில்லை. ‘விடுதலை ஒப்பந்தம்’ இருதரப்பைக் காட்டினாலும் பணத்தைக் காட்டவில்லை. ஈட்டிலிருந்து பொருளைப் பணம் கட்டித் திருப்புவதை மீட்டல் என்பது நம் வழக்கு. ஆகவே ‘தன்மீட்பு உடன்படிக்கை’ என்பதே பொருந்தும். முகாத்தப் என்பவரைத் ‘தன்மீட்புக்கு உடன்பட்டவர்’ என்று விரித்தெழுதுவது நலம்.