கணைய அழற்சி தணிந்த பிறகு வரும் ரத்தக்கசிவு

பித்தப்பைக் கல்லால் கணைய அழற்சி வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். தீவிர வகை அப்படியல்ல. அதில் ரத்தப்போக்கு அடிக்கடி வருவதில்லை, வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அதுவும் பெரும்பாலும், 'கண்டம் தாண்டியாச்சு' என்று குடும்பம் மூச்சுவிடும் வாரங்களில்தான் வருகிறது.

சின்னக் கல் ஒன்று இறங்கி, பித்தக்குழாயும் கணைய நாளமும் சேரும் வாயை அடைக்கிறது. குடலில் வேலை செய்ய வேண்டிய நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. கணையத்தை ஒட்டித்தான் மண்ணீரல் தமனி ஓடுகிறது. நொதியும் சீழும் அதன் சுவரைத் தின்னத் தின்ன, ஓரிடம் மெலிந்து பலூன் மாதிரி புடைக்கும். சூடோஅனியூரிசம் என்பது இதுதான். மண்ணீரல் சிரை அடைபட்டு, இரைப்பைச் சிரைகள் வீங்கிக் கசிவதும் உண்டு.

காலை ரவுண்ட்ஸில் பார்த்தால், வயிற்றில் தேங்கும் சீழ்நீரை வடிக்க வைத்த குழாயின் (டிரெயின்) பையில் பழுப்பாக வந்துகொண்டிருந்த நீர் சிவந்திருக்கும். மதியத்துக்குள் மறுபடி பழைய நிறம். பி.பி., நாடி எல்லாம் சரியாக இருக்கும். "குழாய் உரசியிருக்கும் டாக்டர், நின்னுடுச்சே" என்பார்கள். நின்றுவிட்டது என்பதற்காக நான் காத்திருக்கமாட்டேன். பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் இப்படி ஒரு சின்னக் கசிவு வருவது இந்த நோயின் வழக்கம். அன்றைக்கே சி.டி. ஆஞ்சியோகிராம், அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன், எடுத்தாக வேண்டும். அதில் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த நேரத்தில் பெரிய ஆபத்து தமனியில் இருக்கிறது.

எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியவில்லை என்பதும் நிம்மதிக்குக் காரணமில்லை. கணைய நாளம் வழியாக விட்டுவிட்டுக் கசியும் ரத்தம், பார்க்கும் நேரத்தில் நின்றிருக்கலாம்.

தமனிதான் காரணம் என்றால், தொடை அல்லது கை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சின்ன உலோகச் சுருளை (coil) வைத்து அடைப்பதே முதல் தேர்வு. அழற்சியில் நொந்துபோன திசுவில் தையல் பிடிக்காது. அறுவை சிகிச்சை கடைசி வழி.

வீட்டுக்குப் போன பிறகு மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திடீரென வயிறு வலித்துத் தலை சுற்றி வியர்த்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், கணைய அழற்சி வந்திருந்ததையும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். பழைய ஸ்கேன் கையில் இருக்கட்டும்.