கல்ட் படம், கல்ட் இயக்குநர்: சொல் விளக்கம்

கல்ட்: பெயர்ச்சொல். தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் அடைமொழியாகவே வரும். ‘கல்ட் படம்’, ‘கல்ட் கிளாசிக்’, ‘செம கல்ட்டு ப்ரோ’. ஒரு படத்தைச் சிலர் மட்டும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் பார்த்து, ஊரார் குறை சொல்லும் இடங்களையும் சேர்த்தே கொண்டாடினால் அது கல்ட் படம். நம்மிடம் வந்த பிறகு இந்தச் சொல் படும் பாடு தனி. ஓடாத படம் ஓடிடியில் ஏறிய மறுநாளே கல்ட் ஆகிவிடுகிறது. வெள்ளி விழா கண்ட படமும் மறுவெளியீட்டுப் போஸ்டரில் கல்ட்தான். இரண்டுமே தவறான சொல்லாட்சி.

வேர் லத்தீன். ‘கோலெரே’ என்ற வினைக்கு நிலத்தை உழுதல், பேணுதல், ஓரிடத்தில் குடியிருத்தல், தெய்வத்தை வழிபடுதல் என்று பல பொருள் உண்டு. அதிலிருந்து வந்த ‘குல்துஸ்’ பேணலையும் வழிபாட்டையும் குறித்தது. பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கல்ச்சர், அக்ரிகல்ச்சர் எல்லாம் இதற்குப் பங்காளிகள். தமிழிலும் நிலத்தைப் பண்படுத்துகிறோம். பண்பாடும் அதே வேர்தான். ஆனால் வழிபாடு என்ற சொல் நம்மிடம் வேறு குடும்பம். லத்தீனில் ஒரே வினைக்குள் அடங்கிய ஏரும் பூசையும் தமிழில் தனித்தனிச் சொல்லாக நிற்பதால்தான், கல்ட்டுக்கு ஒற்றைச் சொல் தேடும்போது தகராறு வருகிறது.

முதலில் எந்தத் தெய்வத்தின் வழிபாட்டு முறைக்கும் பொதுப்பெயர். பிறகு பெரிய மதங்களுக்கு வெளியே நிற்கும் சிறு குழுவுக்கு, அதிலும் கொஞ்சம் கண்மூடித்தனமான குழுவுக்குப் பெயர். இந்த இரண்டாவது பொருளைத்தான் சினிமாக்காரர்கள் பாதி கிண்டலாகவும் பாதி பெருமையாகவும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் 1970இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பின் தலைப்பிலேயே தன்னைக் ‘கல்டிஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டார். அதே ஆண்டு இறுதியில் நியூயார்க்கின் எல்ஜின் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சிகள் தொடங்கின. பகலில் யாரும் சீண்டாத படத்துக்கு நடுராத்திரியில் அதே முகங்கள் வாராவாரம் வந்து உட்கார்ந்தன. 1981இல் அமெரிக்க எழுத்தாளர் டேனி பியரி இதற்கென்றே ஒரு நூல் எழுதிய பிறகு சொல் நிலைத்துவிட்டது. ஜெர்மானியர்கள் ‘குல்ட்ஃபில்ம்’ என்று ஒரே சொல்லாக ஒட்டிவிட்டார்கள். பேச்சில் வெறுமனே ‘அது குல்ட்’ என்பதும் அங்கே சகஜம்.

கல்ட் படம் வேறு, கல்ட் இயக்குநர் வேறு. முன்னதில் பற்று ஒரு படத்தின் மேல். பின்னதில் ஆள் மேல். அவருடைய மோசமான படத்தையும் விடாமல் பார்ப்பார்கள். அதில் எங்கேனும் அவர் கைரேகை தெரிகிறதா என்று தேடுவார்கள். இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு என்று நான் நினைப்பது அமெரிக்காவில் எடுத்த படம் ஒன்றை அல்ல. அமெரிக்க இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சிக்காக எடுத்துக் கொடுத்த ஒரு துப்பறியும் படம். 1973 ஜனவரி 7 அன்று ஒளிபரப்பானது. பெயர் ‘பேத்தோவன் தெருவில் செத்த புறா’.

ஃபுல்லர் 1912இல் பிறந்தவர். பதினேழு வயதிலேயே நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கிரைம் நிருபர். இரண்டாம் உலகப் போரில் காலாட்படை வீரர். 1945இல் ஃபால்கனாவ் வதைமுகாமைத் தன் சின்னக் கேமராவில் படம் பிடித்தவர். படத்தளத்தில் ‘ஆக்‌ஷன்’ என்று சொல்வதற்குப் பதில் துப்பாக்கியால் சுடுவார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. 1951இல் வந்த கொரியப் போர்ப் படத்தைப் பத்து நாளில் முடித்தார். பணம் குறைவு, வேகம் அதிகம், வசனம் பத்திரிகைத் தலைப்பு மாதிரி. ஹாலிவுட் அவரை இரண்டாம் வரிசையில் வைத்திருந்தபோது பாரிஸ் விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். 1965இல் பிரெஞ்சு இயக்குநர் கொதார் தன் படம் ஒன்றில் அவரை அவராகவே நடிக்கவைத்து, சினிமா என்றால் என்ன என்று அவரிடமே கேட்கவைத்தார். இதெல்லாம் நடந்தும் 1960களின் பின்பாதியில் ஃபுல்லருக்கு அதிகம் வேலை இல்லை. 1969இல் வந்த ஒரு படத்தையும் தயாரிப்பாளர்கள் வெட்டிவிட்டார்கள் என்று கோபித்து, தன் பெயரை எடுக்கச் சொன்னார். அந்த நிலையில்தான் ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது.

இங்கே இன்னும் இரண்டு ஜெர்மன் சொற்கள் வேண்டும். ஒன்று ‘க்ரீமி’. நம் கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குற்றக் கதை, குற்றப் படம் என்ற நீண்ட ஜெர்மன் சொற்களைச் செல்லமாகச் சுருக்கியது. நம் பழைய ‘துப்பறியும் கதை’ அதற்கு ஏறக்குறைய சரி. மற்றது ‘டாட்டோர்ட்’. ‘டாட்’ என்றால் செயல், ‘ஓர்ட்’ என்றால் இடம். சேர்ந்தால் குற்றம் நடந்த இடம். ‘சம்பவ இடத்துக்கு விரைந்த போலீசார்’ என்று நம் நாளிதழ்கள் எழுதுகிறார்களே, அந்தச் சம்பவ இடம்தான். இவ்வளவு கச்சிதமான மொழிபெயர்ப்பு அபூர்வமாகவே அமையும். 1970 நவம்பர் 29 அன்று இந்தப் பெயரில் தொடங்கிய ஞாயிறு இரவுத் தொடர் இன்றும் ஓடுகிறது. 1,200 படங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் முழுநீளப் படம். ஒவ்வொரு வட்டார ஒளிபரப்பு நிலையமும் தன் ஊரில், தன் காவல் அதிகாரியை வைத்து எடுக்கும். இரவு 8:15க்கு குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். பழக்கப்பட்ட அதிகாரி வர வேண்டும், பிணம் கிடக்க வேண்டும், ஒன்றரை மணி நேரத்தில் கணக்கு நேராக வேண்டும்.

அந்தத் தொடரின் 25ஆவது படத்தைத்தான் ஃபுல்லரிடம் கொடுத்தது கொலோன் நகர ஒளிபரப்பு நிலையம். அதன் கதாநாயகன் கிரெஸ்ஸின் என்ற சுங்கத்துறை அதிகாரி. மக்களுக்குப் பிடித்த மன்மதன். ஃபுல்லர் அவரைத் தொடக்கத்திலேயே காயப்படுத்தி ஓரங்கட்டிவிட்டு, சாண்டி என்ற அமெரிக்கத் தனியார் துப்பறிவாளரிடம் கதையை ஒப்படைத்தார். கதை நடப்பது பான் நகரில். பேத்தோவன் பிறந்த ஊர்; அப்போது மேற்கு ஜெர்மனியின் தலைநகரமும் அதுதான். அரசியல்வாதிகளுக்கும் தூதர்களுக்கும் மயக்கமருந்து கொடுத்து, ஒரு பெண்ணோடு படம் எடுத்து, மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல். அந்தப் பெண்ணாக நடித்தவர் ஃபுல்லரின் மனைவி கிறிஸ்டா லாங். கும்பல் தலைவன் பெயர் மென்சூர். ஜெர்மன் மாணவர் சங்கங்களின் வாள்சண்டைக்கு அதுதான் பெயர். அடியாள் பெயர் சார்லி உம்லௌட். ஜெர்மன் உயிரெழுத்தின் தலையில் இடும் இரட்டைப் புள்ளியை அப்படித்தான் சொல்வார்கள். நம் ஊர் வில்லனுக்கு ‘ஒற்றெழுத்து ராஜா’ என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்!

பார்த்தவர்கள் கருத்து அன்றும் இன்றும் இரண்டாகத்தான் பிரிகிறது. படத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கவனியுங்கள்: திட்டுபவரும் புகழ்பவரும் காட்டுவது அதே காட்சிகளைத்தான்.

சாண்டி ஒரு தியேட்டருக்குள் நுழைகிறான். திரையில் ஜான் வெயின் நடித்த ‘ரியோ பிராவோ’, ஜெர்மன் டப்பிங்கில் ஓடுகிறது. ஜான் வெயின் கணீரென்று ஜெர்மன் பேசுவதைக் கேட்டு ரசிக்கிறான். கதைக்கு இதனால் காலணா பிரயோஜனம் இல்லை. துப்பறியும் படம் பார்க்க உட்கார்ந்தவருக்கு இது நேர விரயம். ஃபுல்லர் பற்றாளருக்கோ படத்தின் உயிரே இங்கேதான்: ஜெர்மன் தொலைக்காட்சிக்குப் பணிபுரியும் அமெரிக்க இயக்குநர், ஜெர்மன் பேசும் அமெரிக்கக் கௌபாயைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். பிரசவ வார்டுக்குள் நடக்கும் துரத்தலும் அப்படித்தான். ஒருவருக்கு அசட்டுத்தனம், இன்னொருவருக்கு அசல் ஃபுல்லர். கடைசிச் சண்டையில் மென்சூர் முறைப்படி வாள் வீசுகிறான். வாள்வித்தை தெரியாத சாண்டி சுவரில் மாட்டியிருக்கும் ஆயுதங்களைப் பிடுங்கிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிகிறான். இதை ஒருவர் கோமாளித்தனம் என்பார். படம் முழுக்கக் கார்னிவல் என்ற மாறுவேடத் திருவிழாவுக்கு வேஷம் போட்ட கோமாளிகள் திரிவதைக் கவனித்தீர்களா என்று மற்றவர் திருப்பிக் கேட்பார்.

ஜெர்மன் பார்வையாளரின் குறைகூறலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவில் கிரெஸ்ஸினைப் பார்க்க வந்தவருக்கு அவர் கட்டிலில் கிடக்கிறார். கதை முடிச்சுகள் தளர்ந்தவை, யார் யாரை ஏமாற்றுகிறார் என்பது பாதியில் குழம்பும். காசு குறைவு என்பது அறைக் காட்சிகளில் அப்பட்டமாகத் தெரியும். இதையெல்லாம் மூடி மறைத்து ‘காலத்தை வென்ற காவியம்’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. படம் பல இடங்களில் தொய்கிறது. ஆனால் போலந்துக்காரர் யெர்ஸி லிப்மானின் கேமராவில் பான் நகரத் தெருக்கள் அன்று இருந்தபடியே கிடைக்கின்றன. கொலோன் இசைக்குழு ‘கான்’ போட்ட இசை இருக்கிறது. அதற்காகவே படத்தைத் தேடிப் பிடித்தவர்கள் தனிக் கூட்டம். அவர்களில் சிலருக்கு ஃபுல்லர் யாரென்றுகூடத் தெரியாது. ஒரே படத்துக்கு இரண்டு பற்றாளர் கூட்டம், ஒன்றையொன்று அறியாமல்! பிறகு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத் திரைப்படக் காப்பகம் இயக்குநரின் நீளமான வடிவத்தை மீட்டெடுத்தது. பெரும்பான்மையோர் வோட்டுப் போட்டிருந்தால் அந்தக் காரியம் நடந்திருக்காது.

ஆக, கல்ட் என்பது படத்தின் தரத்துக்குக் கொடுக்கும் மார்க் அல்ல, வசூல் கணக்கும் அல்ல. படத்துக்கும் சிலருக்கும் இடையே உள்ள ஒட்டுதலின் பெயர். தமிழ்ச் சொல் தேடும்போது இதை விட்டுவிடக் கூடாது.

இப்போது புழங்கும் பெயர்ப்புகளைப் பார்ப்போம். ‘வழிபாட்டுப் படம்’ அகராதிப்படி சரி, காதுக்குத் தவறு. கேட்டவர் ஆடி வெள்ளிக்கு டிவியில் போடும் அம்மன் படம் என்றுதான் நினைப்பார். ‘வெறியர் படம்’ வசவு. ‘காலத்தால் அழியாத படம்’ என்பது கிளாசிக்குக்கு உரியது. எல்லோரும் ஒப்புக்கொண்ட பெருமை அது. கல்ட்டுக்கு அந்த ஒப்புதலே கிடையாது. ‘மாற்றுப் படம்’ என்றால் கலைப்படம் என்ற தொனி வந்துவிடும். ஃபுல்லரைக் கலைப்பட வரிசையில் உட்காரவைத்தால் அவரே எழுந்து போய்விடுவார்.

பேச்சு வழக்குக்கு ‘குலசாமிப் படம்’ என்று சொல்லிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. பெருங்கோயில் மூலவர் அல்ல. வழிப்போக்கருக்கு வெறும் கல், உரியவர்களுக்கு மட்டும் சாமி. ஆனால் குலசாமி பிறப்பால் வருவது, நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் பாதிதான் பொருந்தும். கிண்டலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கு என் பரிந்துரை ‘பற்றாளர் படம்’. தமிழ்ப் பற்றாளர், நாட்டுப் பற்றாளர் என்று ஏற்கனவே புழங்குவதால் விளக்கம் வேண்டாம். பற்றுதல் என்றால் விடாமல் பிடித்துக்கொள்வது. படத்தின் பெருமையைச் சொல்லாமல் பிடித்திருப்பவர்களைச் சொல்கிறது என்பது இதன் பெரிய வசதி. கல்ட் இயக்குநருக்கு ‘பற்றாளர் கொண்ட இயக்குநர்’ என்று நீட்டலாம். ‘தனிப்பற்று இயக்குநர்’ என்றால் கேட்பவர் விழிப்பார். கல்ட் கிளாசிக் என்ற இரட்டைச் சொல்லுக்குத் தமிழ் தேட வேண்டாம். அதன் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சண்டை போடுபவை.

மதக்குழுவைக் குறிக்கும்போது மட்டும் ‘பற்றாளர்’ கூடாது. அங்கே ‘தனிவழிபாட்டுக் குழு’ என்றே எழுதுங்கள். டீக்கடைப் பேச்சில் யாரும் இதையெல்லாம் பார்க்கப்போவதில்லை. அங்கே ‘கல்ட்டு’ இருந்துவிட்டுப் போகட்டும். இறுதியில் ஓர் உகரம் சேர்த்து அதைப் பாதி தமிழாக்கிவிட்டார்கள் ஏற்கனவே.