ஜெலட்டின் என்னும் ஊன்பசை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜெலட்டின் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கல்குவாரியில் பாறை தகர்க்கும் குச்சிதான். அதே சொல் ஓசூர்க் கடைகளில் தொங்கும் மார்ஷ்மல்லோ, ஜெல்லி மிட்டாய்ப் பாக்கெட்டுகளின் பின்புறத்திலும் பொடி எழுத்தில் இருக்கிறது. உறைதலைக் குறிக்கும் 'கெலாரே' என்ற இலத்தீன் வினையே இதன் வேர். ஜெல்லி என்பதும் அதன் வழி வந்ததே. 1875-இல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினைக் கெட்டிப்படுத்தி உருவாக்கிய வெடிபொருள் கூழ்போல் இருந்ததால் அதற்கும் இப்பெயர் அமைந்ததேயன்றி, விலங்குப் பொருள் எதுவும் அதில் இல்லை.

உணவில் சேரும் ஜெலட்டினோ பெரும்பாலும் மாடு, பன்றி ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்தி, அவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்திலிருந்து எடுக்கப்படுவது. ஆட்டுக்கால் சூப் ஆறியபின் மேலே ஆடை கட்டி, கரண்டியால் தொட்டால் தளதளவென்று ஆடுவதும் இப்புரதத்தால்தான். தமிழில் இதற்கு வழங்கும் 'ஊன்பசை' என்ற சொல், பொருள் எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுவதால், பொட்டலத்தில் அச்சிட அதுவே தகுந்தது என்பது என் உறுதியான கருத்து.

பாலூட்டி இறைச்சி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, தின்பதில் ஊன்பசை இருக்கிறதா என்பது உயிர்ப் பிரச்சினை. சிலவகை உண்ணிகள் கடித்தபின், பாலூட்டிகளின் உடலில் உள்ள ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரைக்கு எதிராக உடல் கிளம்புவதே இவ்வொவ்வாமை. மனிதர், வாலில்லாக் குரங்குகள் முதலிய சில இனங்களில் மட்டும் அச்சர்க்கரை இல்லை. தின்ற 2 முதல் 6 மணி நேரம் கழித்தே தடிப்பும் வயிற்றுவலியும் மூச்சுத்திணறலும் தோன்றுவதால், மாலையில் தின்ற மிட்டாயை நள்ளிரவில் எவரும் சந்தேகிப்பதில்லை.

நம் நாட்டுப் பொட்டலங்களில் சைவக் குறியான பச்சை வட்டம் இருந்தால் ஊன்பசை இல்லை என்று கொள்ளலாம்; ஆனால் பாலும், பாலிலிருந்து வரும் மோர்ப்புரதம், கேசின், லாக்டோஸ் ஆகியவையும் அந்தக் குறிக்குள் அடங்கும் என்பதால், பாலும் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மட்டும் நம்பக் கூடாது. அசைவக் குறியான பழுப்பு முக்கோணமும் முடிவான விடையன்று. கேக்கில் முட்டை மட்டும் சேர்ந்திருந்தாலும், மீன் ஜெலட்டின் சேர்ந்திருந்தாலும் அதே குறிதான், அவையோ பாலூட்டியிலிருந்து வருபவை அல்ல. எனவே சேர்மானப் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும். பெயருக்குப் பதில் 428 என்ற உணவுச் சேர்பொருள் எண் மட்டும் இருந்தாலும் அது ஜெலட்டினே. 406 என்பது நம் கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டு வாங்கும் கடற்பாசி, 440 பழங்களில் இருந்து எடுக்கும் பெக்டின். இவ்விரண்டும் தாவரவழிப் பசைகள். பல மருந்துக் கேப்ஸ்யூல்களின் உறையும் ஊன்பசையே என்பதால், மருந்துக்கடையிலும் இவ்வொவ்வாமையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.