பெரியம்மாவின் புது முட்டியும் பழைய சைக்கிளும்

அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள் பெரியம்மா வாய் திறந்து கேட்டது வலியைப் பற்றி இல்லை. "ஏன்டா, சைக்கிள் எப்ப மிதிக்கலாம்?" என்றார்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகும் காலையில் சைக்கிளில் மார்க்கெட், வாசலில் கோலம், வெள்ளிக்கிழமை கோயில், தைப்பூசத்துக்குப் பத்துமலை என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். முட்டி தேயத் தேய அதில் ஒவ்வொன்றாக விட்டுப்போய், கடைசியில் டிவிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் மிஞ்சியது. ஈப்போவுக்குப் போய் முட்டி மாற்றிக்கொள்ளச் சம்மதித்ததே அந்த நாற்காலி மேல் இருந்த வெறுப்பில்தான்.

"புது முட்டி போட்டாச்சு, காயம் ஆறினா மிதிக்கலாம் பெரியம்மா" என்று சொல்லிவைத்தேன். காயம் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. சைக்கிள் கார் கொட்டகையில் சாய்ந்தபடியே கிடந்தது. நான் சொன்னது எங்கே தப்பு என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதுதான் இது.

முட்டி மாற்று என்றதும், பழைய முட்டியைக் கழற்றி வீசிவிட்டு இரும்பில் ஒன்றைப் பூட்டுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். செருப்புக்கு அடித்தட்டு மாற்றுகிறார்களே, அந்த வேலைக்குத்தான் இது நெருக்கம். தொடை எலும்பின் கீழ்முனை, கால் எலும்பின் மேல்முனை இரண்டிலும் தேய்ந்த பரப்பை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்புக்குக் கோபால்ட்-குரோமியக் கலவையில் வளைவான ஓர் உறை. கால் எலும்பின் தலையில் பெரும்பாலும் டைட்டானியக் கலவையில் ஒரு தட்டு. நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். மார்க்கெட் பையும் அதே குடும்பம்தான், ஆனால் இதன் மூலக்கூறுகள் பலமடங்கு நீளம், அதனால் எளிதில் தேயாது. பக்கவாட்டுத் தசைநார்கள், தொடைத் தசை, தோல், நரம்பு எல்லாம் பெரியம்மாவோடு தோட்டத்தில் உழைத்த அதே பழைய சரக்கு.

முட்டி ஒரு கதவுக் கீல் மாதிரி என்று சொல்வதும் சரியில்லை. 1950களில் வந்த செயற்கை முட்டிகள் பலவும் கீல் வடிவத்தில்தான் இருந்தன, சீக்கிரமே தளர்ந்தும் போயின. ஏன் என்று பார்க்க வேண்டுமானால் நாற்காலியில் உட்கார்ந்து காலை மெதுவாக முழுசாக நீட்டிப் பாருங்கள். கடைசி நேரத்தில் பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பும். முட்டி மடங்கும்போது எலும்புகள் உருளவும் வழுக்கவும் கொஞ்சம் திருகிக்கொள்ளவும் செய்கின்றன. கீல் அந்தத் திருகலுக்கு இடம் கொடுக்காது. திருகும் விசை எலும்பின் பிடிமானத்தில் போய் மோதி அதைத் தளர்த்திவிடும். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் பொருத்திய முட்டியில் கீல் கிடையாது. மேலே வளைந்த உலோகம், கீழே குழிந்த பிளாஸ்டிக், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நோயாளியின் சொந்தத் தசைநார்கள். இன்று போடுகிற முட்டிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

உலோகத்தை எலும்போடு ஒட்டவைக்கும் எலும்பு சிமெண்டு கால்மணி நேரத்துக்குள் இறுகிவிடும். அதனால்தான் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாளே, வாக்கரைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்கிறார்கள். ஆக உள்ளே வைத்த பொருள் முதல் நாளே வேலைக்குத் தயார். தயாராகாதது தொடை.

இதை நான் கண்ணால் பார்த்தேன். கட்டிலில் படுத்தபடி காலை நேராக ஒரு சாண் தூக்கச் சொன்னார் பிசியோக்காரப் பெண். பெரியம்மா பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, கால் மட்டும் மெத்தையை விட்டு எழும்பவில்லை. "என் கால்தானே இது?" என்று அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தோளிலும் கனம் சுமந்து பால்மர வரிசைகளில் நிரை நிரையாக ஏறி இறங்கிய கால் அது.

தொடைத் தசையை அறுத்ததால் மட்டும் வருகிற பலவீனம் இல்லை இது. முட்டிக்குள் நீர் கோத்து வீங்கினால், அங்குள்ள நரம்பு முனைகள் தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. தண்டுவடம் உடனே தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகிற கட்டளையைக் குறைத்துவிடுகிறது. அடிபட்ட மூட்டை அசைக்காமல் வைத்திருக்க உடம்பு போடுகிற தடை உத்தரவு. அடியே படாத நல்ல முட்டிக்குள் சில தேக்கரண்டி உப்புநீரைச் செலுத்திப் பார்த்த சோதனைகளிலும் அந்தத் தசை அடங்கிப்போயிருக்கிறது. வலியே இல்லாவிட்டாலும், வீக்கம் மட்டும் போதும். முட்டி மாற்றியவர்களுக்கு முதல் மாதத்தில் தொடையின் வலு ஏறக்குறைய 60 சதவீதம் வரை இறங்கிவிடுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இது தெரிந்த பிறகுதான் பிசியோவில் சொல்கிற சில்லறை வேலைகளுக்கெல்லாம் அர்த்தம் புரிந்தது. ஐஸ் கட்டியை வைப்பதும் காலை உயர்த்தி வைப்பதும் வலிக்காக மட்டும் இல்லை, வீக்கம் வடிந்தால் தடை உத்தரவும் தளரும். மெத்தையில் முட்டியை அழுத்தி ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்குவது தண்டுவடத்தின் கதவைத் தட்டுகிற வேலை. பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருப்பதால் வீட்டில் யாரும் அதை மதிப்பதில்லை. பெரியம்மாவும் முதல் பத்து நாள் மதிக்கவில்லை.

இன்னொரு தப்பு நாங்கள் பாசத்தில் செய்தது. முட்டிக்கு அடியில் தலையணை. மடித்து வைத்தால் சுகமாக இருக்கும், நிஜம்தான். ஆனால் மடக்கியே வைத்திருந்தால் ஆறுகிற திசுவும் அந்த நிலையிலேயே இறுகிக்கொள்ளும், பிறகு கால் முழுசாக நேராகாது. நேராகாத காலில் நின்றால் தொடை ஒரு நிமிஷமும் ஓய்வெடுக்க முடியாது. மடக்குவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறோம், நீட்டுவதுதான் முதல் பாடம். தலையணையைப் பிடுங்கிவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்தார்கள். பெரியம்மா அந்தப் பெண்ணோடு ஒரு நாள் பேசவே இல்லை.

சரி, இப்போது சைக்கிள். எந்த வேலைக்குத் திரும்பலாம் என்பதை முட்டி எவ்வளவு மடங்க வேண்டும், அதன்மேல் எவ்வளவு கனம் விழும் என்ற இரண்டு கேள்விகள் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. சமதரையில் நடக்க 60, 70 பாகை மடங்கினால் போதும். படிக்கட்டுக்கும் நாற்காலியிலிருந்து எழவும் 90ஐ ஒட்டி வேண்டும். சைக்கிள் மிதிக்க 105, 110. சம்மணமும் குத்துக்காலும் அதற்கும் மேலே, முழுசாகக் குந்தினால் 130ஐயும் தாண்டும். மாற்றிய முட்டிகள் பலவும் 110, 120 பக்கத்தில் நின்றுவிடும். பெரியம்மாவுக்கு மூன்றாவது வாரத்தில் 85தான். காயம் ஆறியும் மிதி ஏன் சுற்றவில்லை என்றால் விடை அவ்வளவுதான், மிதி மேலே வரும்போது முட்டி இடிக்கிறது.

கனத்தின் கதை வேறு. உடம்பின் எடைதானே முட்டியில் இறங்கும் என்று நினைப்போம். தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், பால் வாளிகளை மாட்டித் தோளில் சுமக்கிற காண்டாக் கம்பு இருக்கிறதே. முன்னால் ஒரு பால் வாளி, பின்னால் ஒரு பால் வாளி, ஒவ்வொன்றும் 10 கிலோ என்றால் தோளில் 20 கிலோ. இப்போது பின் வாளியைத் தோளுக்கு ரொம்பக் கிட்டத்தில் மாட்டுங்கள். கம்பு சாயாமல் இருக்க அந்த வாளியில் இரண்டு மூன்று மடங்கு பால் ஊற்ற வேண்டும், தோளில் கனமும் ஏறும். முட்டி அந்தத் தோள். ஒருபக்கம் உடம்பின் எடை தூரத்தில் தொங்குகிறது. மறுபக்கம் தொடைத் தசை முட்டிச்சில்லு வழியாக, நாலைந்து சென்டிமீட்டர் கிட்டத்திலிருந்து இழுத்துச் சமன் செய்கிறது. இரண்டும் சேர்ந்து முட்டியில் இறங்குகின்றன.

எவ்வளவு என்பது ஊகம் இல்லை. பெர்லினிலும் அமெரிக்காவிலும் சில நோயாளிகளின் செயற்கை முட்டிக்குள்ளேயே அளவுகருவியும் ரேடியோவும் வைத்து அளந்திருக்கிறார்கள். நடக்கும்போது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு. படி ஏறும்போது 3 மடங்குக்குக் கொஞ்சம் மேல், இறங்கும்போது மூன்றரை. சைக்கிளில் நிதானமாக மிதித்தால் உடல் எடையளவுதான், ஏனென்றால் உடம்பைச் சீட் தாங்கிக்கொள்கிறது. 65 கிலோ பெரியம்மா படி இறங்கும்போது முட்டியில் 220 கிலோவுக்கு மேல் விழுகிறது, சைக்கிளில் 65ஐச் சுற்றித்தான். இறங்குவது ஏறுவதை விட மோசம் என்பது வயதானவர்களுக்கு எப்போதோ தெரியும். கீழே போகிற உடம்பைத் தொடை பிரேக் பிடித்தபடியே இறக்க வேண்டியிருக்கிறது.

பழைய முட்டி தேய்ந்ததற்கு வயது, எடை, பரம்பரை என்று பல காரணம் இருக்கும். ஆனால் பால்மரத்தையும் நான் சும்மா விடமாட்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் உளி ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் பட்டையைச் சீவுகிறது, வெட்டு வருஷா வருஷம் கீழே இறங்குகிறது. நெஞ்சு உயரத்தில் தொடங்கிய வெட்டு சில வருஷத்தில் தரைக்கு வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து, குந்தி, எழுந்து, அடுத்த மரம். ஒரு நாளைக்குச் சில நூறு மரம்.

சம்மணத்தைப் பற்றிப் பெரியம்மா மூன்று பேரிடம் கேட்டு மூன்று பதில் வாங்கினார். அது வியப்பில்லை. ரொம்ப மடங்கும்போது உலோக உறையின் பின்விளிம்பு மட்டும் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் உட்காரும். பரப்பு சுருங்கினால் அழுத்தம் ஏறும், சம்மணத்தில் திருகலும் சேர்ந்துகொள்ளும். தானாக மடங்குகிற முட்டியில் எப்போதாவது உட்கார்ந்தால் பரவாயில்லை என்பார் ஒருவர், வேண்டவே வேண்டாம் என்பார் இன்னொருவர். முட்டியின் வகை, பக்கத்துத் தசைநார், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். குந்துகிற கக்கூஸ் மட்டும் வேண்டாம் என்பதில் மூன்று பேரும் ஒன்று.

மண்டியிடுவது வேறு. அதனால் செயற்கை முட்டி கெட்டுப்போகாது. ஆனால் தழும்புக்கு வெளிப்பக்கத்தில் தோலுக்கு உணர்வு தரும் ஒரு சிறு நரம்புக் கிளை அறுபடுவதால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும், பலர் பயந்தே மண்டியிடுவதில்லை. பெரியம்மா மெத்தைமேல் பழகி, பிறகு மடித்த போர்வைமேல் பழகினார். கோலத்துக்குக் குட்டை முக்காலி வாங்கித் தந்தோம், அதில் உட்கார்ந்து போட்ட கோலம் ஒருபக்கம் கோணலாகத்தான் வந்தது.

பத்துமலையின் 272 படிகளில் ஏறுவதை விட இறங்குவதற்குத்தான் தயார் செய்ய வேண்டியிருந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில், ஒரு கை கம்பியில். பெரிய வேலையை எப்போதும் நல்ல காலுக்கே கொடுக்கிற ஏற்பாடு இது. தைப்பூசக் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக இறங்க விடுவார்களா? அந்த வருஷம் கூட்டமில்லாத ஒரு சாதாரண வியாழக்கிழமையில் போனோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வலது கால்தான் பின் பிரேக். வலது முட்டி மாற்றினால் அந்தக் கால் பழைய வேகத்தில் அழுத்த நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், சாயும் வண்டியைத் தாங்க இன்னும் கூட. ஓட்டமும் குதிப்பும் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். மழை பெய்த செம்மண் சடக்கில், அதாவது சாலையில், கவனம் தேவை. மூட்டுக்குள் இருந்த குறுக்குத் தசைநாரையும் எடுத்துவிடுவதால், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழக வேண்டும். விழுந்தால் செயற்கை முட்டியை ஒட்டிய எலும்பு முறியலாம். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் வெறுங்காலோடு கொல்லைக்குப் போகக்கூடாது, பாதத்து முள்காயத்தில் ஏறிய கிருமி ரத்தத்தில் பயணம் செய்து புது முட்டியில் குடியேறக்கூடும். முட்டி திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி பொருள் உழைக்கும். 2019இல் தி லான்செட் இதழில் வந்த ஆய்வு, முழு முட்டி மாற்றுகளில் 82 சதவீதம் 25 வருஷம் தாங்கும் என்று கணக்கிட்டது.

பெரியம்மாவின் முட்டி ஏழாம் வாரத்தில் 100ஐத் தொட்டது. பிசியோ அறையின் நிற்கும் சைக்கிளில் முதலில் மிதியை முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டினார், முழுச் சுற்று வரவில்லை. சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள். சீட் உயர்ந்தால் மிதி மேலே வரும்போது முட்டி மடங்க வேண்டிய அளவு குறையும். நாலாவது முயற்சியில் பின்பக்கமாக ஒரு சுற்று முழுசாகப் போனது, அப்புறம் முன்பக்கம்.

மூன்று மாதம் கழித்துக் கார் கொட்டகை சைக்கிளின் சீட்டையும் உயர்த்திக் கொடுத்தேன். அந்த உயரத்தில் அவருக்குக் கால் தரையில் எட்டவில்லை. இப்போது வீட்டு வாசல் கால்வாய்த் திட்டில் நின்றுதான் ஏறுகிறார். இறங்க மார்க்கெட்டில் அதே உயரத்தில் ஒரு திட்டுப் பார்த்து வைத்திருக்கிறார், மீன்கடைக்குப் பக்கத்தில்.