0.2 நொடியில் பத்துச் சுற்று

திரைச்சீலைக் கம்பி மாட்டவும் அலமாரி தொங்கவிடவும் வீட்டுக்கு வாங்குகிற சாதாரண டிரில் மெஷினின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். வோல்ட், வாட் கணக்குக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் அதில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 2800, 3000 என்ற மாதிரி ஓர் எண். கணக்குக்கு வசதியாக 3000 என்றே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 50 சுற்று. துளை போடும் முறுக்குக் கம்பியான பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் விட்டம் ஏறக்குறைய 4 செ.மீ., சுற்றளவு பன்னிரண்டரை செ.மீ. ஆக, சக்கின் வெளிப்பரப்பு நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது.

இன்னோர் எண்ணும் வேண்டும். எதிர்பாராத ஒன்று நடந்தால் அதை உணர்ந்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைய நமக்குச் சுமார் 0.2 நொடி பிடிக்கும். அதற்குள் சக் பத்துச் சுற்று சுற்றி முடித்திருக்கும். துணியோ முடியோ அதில் மாட்டியிருந்தால் ஒன்றேகால் மீட்டர் உள்ளே போயிருக்கும். விரலை எடுத்த பிறகும் மோட்டார் தன் வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடித்தான் நிற்கும். அதனால்தான் ‘பார்த்துப் போடு’ என்ற அறிவுரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பார்த்து, சுதாரித்து, கையை எடுக்க நேரமே கிடைக்காது. சுவிட்சை அழுத்தும் முன்பே என்ன செய்து வைத்தோமோ அதுதான் உதவும்.

முதலில் துணி. துப்பட்டா நுனி, தொளதொளவென்ற முழுக்கை, அவிழ்ந்த தலைமுடி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடா, இவையெல்லாம் ஏன் அவ்வளவு ஆபத்து? மாட்டினால் இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இழுக்க முடியாது. மீன்பிடித் துறைமுகத்தில் படகைக் கட்டும்போது கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, மறுமுனையை ஒருவர் ஒற்றைக் கையால் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய படகு அந்தக் கையை மீறிப் போவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வின் பிடி கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுவதுதான் காரணம். உராய்வுக் கெழு (இரண்டு பரப்புகள் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதைச் சொல்லும் எண்) 0.3 என்றால் ஒரு சுற்றுக்கு ஆறரை மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்று சுற்றுக்கு 280 மடங்குக்கும் மேல். நுனியில் வெறும் 100 கிராம் பிடிமானம் இருந்தாலே போதும், மூன்று சுற்றுக்குப் பிறகு 28 கிலோ விசையோடு இழுத்தாலும் துணி வழுக்கிக்கொண்டு வராது. 50 சுற்று வேகத்தில் மூன்று சுற்றுக்கு ஆகும் நேரம் 0.06 நொடி.

கையுறை விஷயமும் இதுதான். பாதுகாப்பு என்று நினைத்துத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு டிரில் பிடிப்பவர்கள் உண்டு. சுழலும் பிட்டில் வெறும் விரல் பட்டால் பெரும்பாலும் தோல் கிழியும், அவ்வளவுதான். கையுறையின் ஒரு நூல் மாட்டினால் கையுறையோடு விரலும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். சுழலும் கருவிகளைப் பொறுத்தவரை தொளதொள கையுறையைக் கழற்றி வைப்பதே நல்லது. பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், மாற்றி முடித்ததும் சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைக் கழற்றிவிட வேண்டும். சக்கிலேயே விட்ட சாவி சுவிட்ச் போட்டதும் எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, துணி எதுவும் மாட்டவில்லை. ஆனால் துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே பிட் சட்டென்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. மணிக்கட்டு சுளுக்குவதும் ஏணியிலிருந்து விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும்.

பிளக்கில் செருகும் வயர் வைத்த டிரில்களில் இருப்பது மிக்ஸியில் இருக்கும் அதே வகை மோட்டார்தான். நடுவில் சுழலும் ஆர்மேச்சர், அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ். ஆர்மேச்சர் வேகமாகச் சுழலும்போது அதுவே ஒரு ஜெனரேட்டர் போல எதிர்த்திசையில் மின்னழுத்தம் உண்டாக்கி, வரும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும். 600 வாட் டிரில் 230 வோல்ட்டில் முழுச் சுமையோடு ஓடும்போது இழுப்பது இரண்டரை ஆம்பியரைவிடச் சற்று அதிகம். பிட் சிக்கிச் சுழற்சி நின்றால் அந்த எதிர் மின்னழுத்தமும் போய்விடும். மின்னோட்டம் பல மடங்கு எகிறும், அதோடு முறுக்குவிசையும் எகிறும். நின்றுபோன மோட்டார் இருப்பதிலேயே பலமான மோட்டார் என்று சொல்லலாம். போதாததற்கு, ஆர்மேச்சர் கியர் வழியாகச் சக்கைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அந்த வேகம் முழுவதும் ஒரே வெட்டில் நிற்க வேண்டும்.

நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, பிட் திரும்ப முடியாவிட்டால் மெஷின் திரும்பும். பின்னாலிருந்து பார்க்க பிட் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், மெஷினின் உடல் இடஞ்சுழியாக முறுக்கிக்கொள்ளும். கீழே தொங்கும் கைப்பிடி வலப்பக்கமாக வீசியடிக்கும். எவ்வளவு விசையோடு? பேட்டரி டிரில் பெட்டிகளில் முறுக்குவிசை 50, 60 நியூட்டன் மீட்டர் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். பிட்டின் அச்சிலிருந்து கை 15 செ.மீ. தள்ளியிருந்தால், 60 நியூட்டன் மீட்டர் என்பது கைக்கு 400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 40 கிலோ எடை. அதை ஒற்றை மணிக்கட்டு திடீரென்று தாங்க வேண்டும். மெஷினோடு கூடவே வரும் பக்கக் கைப்பிடியை மாட்டி, இரண்டு கைகளுக்கும் நடுவே 30 செ.மீ. இடைவெளி கிடைத்தால் ஒவ்வொரு கைக்கும் பாதிதான். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கைப்பிடி பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. பேட்டரி மெஷின் சின்னதாக இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையத்தில் எண்ணில் வைத்தால் கிளட்ச் நழுவி நம்மைக் காப்பாற்றும். டிரில் படத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது, முழு முறுக்கும் கைக்கு வரும்.

ஒற்றைக் கையால் பிடிக்கலாம் என்ற நினைப்புக்கு வரலாறும் ஒரு காரணம். கையில் பிடிக்கும் மின்சார டிரில்லை ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895-ல் உருவாக்கியது. துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் பிறகு வந்தவை. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் அந்த வடிவத்துக்கு 1917-ல் காப்புரிமை பெற்றது. விரலை எடுத்தால் மெஷின் நிற்கும் என்பது அருமையான பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை ரத்து செய்கிற பொத்தானும் அதே கைப்பிடியில் இருக்கும்: சுவிட்சை அழுத்தி, பக்கத்தில் உள்ள குமிழைத் தட்டினால் மெஷின் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். கையில் பிடித்து வேலை செய்யும்போது அதைத் தொடவே கூடாது. பிட் சிக்கி மெஷின் கையை விட்டுத் துள்ளினாலும் அது நிற்காது.

பிட் எதனால் சிக்குகிறது? முதல் காரணம், வெட்டிய தூள் வெளியே வராதது. பிட்டின் உடலில் ஓடும் சுருள் பள்ளத்துக்குத் தூளை வெளியே ஏற்றுவதே முழுநேர வேலை. துளை ஆழமாக ஆக அந்தப் பாதை அடைத்துக்கொள்ளும். இதற்கு நிலவில் நடந்த உதாரணம் ஒன்று உண்டு. 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் பேட்டரி டிரில்லால் வெப்பமானிகளுக்காகத் துளை போட்டார். துளைத்தண்டின் இணைப்புகளில் சுருள் பள்ளம் தொடர்ச்சியாக இல்லாததால் தூள் மேலே வராமல் இறுகியது. துளைகள் திட்டமிட்ட ஆழத்துக்குப் போகவில்லை. மண் மாதிரிக்காக இறக்கிய இன்னொரு குழாயைப் பிடுங்க ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து தோள் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பல்லோ 16-க்குத் தண்டின் வடிவத்தையே மாற்றினார்கள். நம் வீட்டுச் சுவரில் இதற்குத் தீர்வு எளிது. சுழன்றுகொண்டிருக்கும்போதே பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை உதிர்த்துவிட்டு மறுபடி உள்ளே விடலாம்.

இரண்டாவது காரணம் இரும்புத் தகட்டில் வரும். துளை முடியப்போகிற தருணம்தான் மோசம். பிட்டின் கூர்முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது, எதிர்ப்பு சட்டென்று குறைகிறது, நாமோ அதே பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கிறோம். அந்த நொடியில் பிட் வெட்டுவதை விட்டுவிட்டு மீதமிருக்கும் மெல்லிய உலோகத்தில் திருகாணியாகவே ஏறிவிடும். தகட்டைக் கையால் பிடித்திருந்தால் அது பிட்டோடு சேர்ந்து நொடிக்குப் பல சுற்று சுழலும் கத்தி. தகட்டை வைஸிலோ சி-கிளாம்பிலோ இறுக்கி, அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, கடைசி ஒரு மில்லிமீட்டரில் அழுத்தத்தைத் தளர்த்தினால் இது நடக்காது. ஆரம்பிக்கும் இடத்தில் சென்டர் பன்ச் என்ற கூர்முனை உளியால் ஒரு குழி தட்டிக்கொள்வதும் நல்லது. பிட்டின் நட்டநடுப் புள்ளி சுழல்வதே இல்லை என்பதால் அது வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும். குழி இல்லாவிட்டால் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

மூன்றாவது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. தூண், பீம், ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் இவற்றில் துளை போடும்போது பிட் திடீரென்று முன்னேறாமல் நின்றால், இன்னும் பலமாக அழுத்தத்தான் கை போகும். கம்பியில் முட்டியிருக்கலாம். நிறுத்திவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுவது புத்திசாலித்தனம். ஹேமர் டிரில் பிட்டை முன்னும் பின்னும் தட்டித்தட்டிச் செங்கலையும் கான்கிரீட்டையும் நொறுக்கும். இரும்பு நொறுங்காது. டைல்ஸ் ஒட்டிய சுவராக இருந்தால் டைல்ஸைத் தாண்டும்வரை ஹேமரை அணைத்து வையுங்கள், விரிசல் விடும்.

அடுத்தது சுவருக்குள் ஓடும் வயர். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் சுவிட்ச்போர்டிலிருந்து பிவிசி பைப் நேர் மேலே ஏறும். எனவே சுவிட்ச்போர்டுக்கும் பிளக் பாயிண்ட்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும், ஒரே உயரத்தில் இரண்டு போர்டுகளுக்கு நடுவேயும் துளை வேண்டாம். குளியலறையில் குழாய்க்கும் கீசருக்கும் இதே விதி, அங்கே தண்ணீர்ப் பைப். மேல்தளம் இன்னும் சிக்கல். கான்கிரீட் போடும் முன்பே ஃபேன் பெட்டியிலிருந்து சுவருக்குக் குறுக்கு வழியில் பைப் இழுத்திருப்பார்கள், எந்தக் கோணத்தில் போகிறது என்று கீழிருந்து கணிக்க முடியாது.

சந்தேகமிருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை (மின்பெட்டியில் இருக்கும் தானியங்கி சுவிட்ச்) இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் எடுக்கலாம், அல்லது பேட்டரி டிரில் வைத்துப் போடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை இறக்கினாலும் விளக்கு, ஃபேன் லைனில் மின்சாரம் இருக்கும். மெயின் ஆஃப் என்ற தைரியத்தில் சுவரைத் துளைப்பவர்களை இதுதான் ஏமாற்றும்.

மெஷினின் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் செய்த கருவி. எர்த் பின் இல்லாமல் இரண்டு பின்னோடு வருவதும் அதனால்தான். உள்ளே ஏற்படும் பழுதிலிருந்து அது காக்கும். ஆனால் பிட் ஒரு மின்வயரைத் துளைத்தால் சக் போன்ற வெளியே தெரியும் உலோகப் பாகங்களில் மின்சாரம் ஏறலாம். ஆகவே ரப்பர், பிளாஸ்டிக் பிடிகளை மட்டுமே பிடிக்க வேண்டும், சக்கைப் பிடித்து முன்னால் தள்ளும் பழக்கம் கூடாது. எம்.சி.பி. இருக்கிறதே என்றால், அது வயரைக் காக்கும் சாதனம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மனித உடல் வழியாகப் போகும் சில பத்து மில்லிஆம்பியர் கண்ணிலேயே படாது. அதற்கு இருப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே, தரப்படி 0.3 நொடிக்குள், இணைப்பைத் துண்டிக்கும். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் அதற்கும் வித்தியாசம் தெரியாது, அது வேறு விஷயம்.

கண்ணுக்கு வருவோம். தலைக்கு மேல் துளை போடும்போது எல்லாத் தூளும் நேராக முகத்தில்தான் விழும். பவர் கண்ணாடி போட்டிருப்பதால் கவலையில்லை என்று இருக்கக் கூடாது, பக்கவாட்டு முழுக்கத் திறந்திருக்கிறது. பக்கம் மூடிய கண்ணாடி வேண்டும். ஹேமர் ஓடும்போது சத்தம் 100 டெசிபலை ஒட்டிப் போகும், காதில் இயர் பிளக் வையுங்கள்.

தூள் விஷயத்தை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்று எனக்குத் தோன்றும். கான்கிரீட், செங்கல், கிரானைட், சிமெண்ட் பூச்சு எல்லாவற்றிலும் சிலிகா இருக்கிறது. தரையில் விழுகிற பெரிய தூளால் கெடுதல் குறைவு. 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதற்கும் கீழே உள்ள துகள்கள் கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், நுரையீரலின் கடைசி அறைவரை போய்ப் படியும். வருடக்கணக்கில் சேர்ந்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வருடத்துக்கு நாலு துளை போடுகிறவருக்கு இது பெரிய கவலையில்லை. தினமும் இதே வேலையாக இருக்கிற எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும்தான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கைக்குட்டையின் இழைகளுக்கு நடுவில் இந்தத் துகள்கள் தாராளமாகப் போய்வரும். என்95 முகக்கவசம்தான் தடுக்கும். வேலைக்கு ஆள் கூப்பிட்டால் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். துளைக்குக் கீழே ஒரு காகிதத்தை மடித்து டேப் போட்டு ஒட்டினால் கனமான தூள் அதிலேயே விழும், வேக்குவம் கிளீனர் குழாயைப் பக்கத்தில் பிடித்தால் மெல்லிய தூளும் கொஞ்சம் போகும். முடிந்ததும் விளக்குமாற்றை எடுக்க வேண்டாம், படிந்ததெல்லாம் மறுபடி எழும்பும். ஈரத்துணியால் துடையுங்கள்.