போலி மருந்து அல்ல, வெற்று மருந்து

‘பங்கேற்போரில் பாதிப் பேருக்குப் போலி மருந்து கொடுக்கப்படும்.’ மருத்துவ ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் தமிழ்த் தாள்களில் இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மொழியில் ஒரு முதியவரிடம் கையெழுத்துக் கேட்கும்போது, ‘உங்களுக்குக் கள்ளச் சரக்கு தரலாம்’ என்றா எழுதுவது?

பிளசிபோவைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். லத்தீனில் ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள். இறந்தோருக்கான கிறிஸ்துவ வழிபாட்டின் சங்கீத வரியிலிருந்து கிளம்பி, இடையில் முகத்துதிக்காரனைக் குறித்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோயாளியைத் தேற்றக் கொடுக்கும் மருந்துக்குப் பெயரானது. இன்றைய ஆய்வில் அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது: தோற்றத்தில் அசல் மருந்து, உள்ளே வேலை செய்யும் பொருள் இல்லை. 2020இல் பைசர் தடுப்பூசிச் சோதனையில் சேர்ந்த சுமார் 43,000 பேரில் பாதிப் பேருக்குப் போட்டது வெறும் உப்புநீர்.

போலி மருந்து என்றால் என்னவென்று சிங்கப்பூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி இங்குள்ள பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். நால்வர் இறந்தார்கள். நீரிழிவு மருந்து கலந்த கள்ள ஆண்மை மாத்திரைகள்தான் காரணம். அவைதாம் போலி மருந்து. போலி மருத்துவர், போலிக் கடப்பிதழ் என்பவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும் சொல் அது. ஏமாற்றும் நோக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆய்விலோ, யாருக்கு எது போகிறது என்பதை மறைத்தாலும், மறைக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லித்தான் சம்மதம் வாங்குகிறார்கள்.

இதை உணர்ந்தவர்கள் சொல்லைத் திருப்பிப்போட்டு ‘மருந்துப்போலி’ என்கிறார்கள். கட்டுரைகளில் இதற்கு நல்ல செல்வாக்கு. அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ‘போல்’ என்பதன் அடியாகப் பிறந்த போலிக்கு இலக்கணத்தில் இழிபொருள் இல்லை. அறம் என்பது அறன் ஆவது கடைப்போலி. அறனை யாரும் கள்ளச்சொல் என்பதில்லை. ‘இல்முன்’ என்பதைத் திருப்பி முன்றில் என்கிறோமே, அது இலக்கணப்போலி. ஆக, மருந்துப்போலி என்றால் மருந்தைப் போன்றது. சரிதான்.

ஆனால் நன்னூல் படித்தவர்களா பலதுறை மருந்தகத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? போலிச் செய்தி, போலி இணையத்தளம் என்று நாள்தோறும் கேட்கும் காதுக்கு, சொல்லை முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும் போலி போலிதான். இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே மருந்தே இல்லாவிட்டாலும் நோயாளிக்குத் தெரியும் நிவாரணத்துக்கு ‘மருந்துப்போலி விளைவு’ என்று பெயர். அது நீளமாக இருக்கிறது என்று யாராவது ‘போலி விளைவு’ எனச் சுருக்கினால் பொருளே கவிழ்ந்துவிடும். விளைவு போலியில்லை என்பதுதானே விஷயம்! 2010இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், குடல் எரிச்சல் நோயாளிகளிடம் மாத்திரையில் மருந்தே இல்லையென்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியும், எதுவும் கொடுக்கப்படாதவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் நிவாரணம் தெரிந்தது.

லத்தீன் மூலத்துக்கு நெருக்கமாக ‘ஆறுதல் மருந்து’ என்றும் ஒன்று கேட்டேன். ஆய்வில் யாரும் யாரையும் தேற்றுவதில்லை; விட்டுவிடலாம்.

என் தேர்வு வெற்று மருந்து. தேசிய சேவை செய்த எந்தப் பையனுக்கும் வெற்றுத் தோட்டா தெரியும்: சத்தம் வரும், குண்டு வராது. ‘வெற்றுப் பேச்சு’ போல வீண் என்ற பொருள் ஒட்டாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் ஒட்டும்தான். வீண் என்று நினைப்பவர் விளக்கம் கேட்பார். கள்ளம் என்று நினைப்பவர் எழுந்து போய்விடுவார்.

மருந்தே இல்லாத இடத்தில் இது செல்லாது, மருந்துப்போலியும் செல்லாது. 2002இல் வெளியான ஹூஸ்டன் ஆய்வில், மூட்டுத் தேய்மானம் கண்ட 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். உண்மையான அறுவை செய்துகொண்டவர்கள் அவர்களைவிடத் தேறிவிடவில்லை. இதைப் ‘போலி அறுவை’ என்றால் மருத்துவர்மேல் வழக்குப் போடத் தோன்றும். பாவனைப் பயிற்சி என்று நம் செய்திகளில் அன்றாடம் வருகிறது. பாவனை அறுவை என்பதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் சொல்லில் இல்லை. அகராதியின் முதல் வரியையோ இயந்திரம் துப்புவதையோ ஒட்டிவிட்டு, வாய்விட்டு ஒருமுறை படித்துக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறார்கள். எழுத்துரு உடைந்திருக்கிறதா என்று மட்டும் இரண்டு பேர் சரிபார்க்கிறார்கள்.