ஓடும் சிப்பை நிறுத்தாமல் பிழை பிடிப்பது எப்படி?

நிரலில் பிழை என்றால் முதலில் கை போவது பிரேக்பாயிண்டுக்குத்தான். ஒரு வரியில் நிறுத்தி, மதிப்புகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் தொடரலாம். காருக்குள் இன்ஜின் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிச் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரிடம் இது செல்லாது. சிப் நின்றாலும் இன்ஜின் நிற்காது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப ஏறத்தாழ 28 மைக்ரோவிநாடிதான் ஆகும். மின்மோட்டாரை ஓட்டும் சிப் என்றால் இன்னும் ஆபத்து: பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி விடும் இன்வெர்ட்டர் சுவிட்சுகள் இருந்த நிலையிலேயே உறைந்து, சுருளில் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும்.

சரி, நடுநடுவே மதிப்புகளை அச்சிடலாமே? அச்சிடவும் நேரம் பிடிக்கும். நேரம் சற்று நகர்ந்தாலே பிழை மறைந்துவிடலாம்.

அதனால்தான் ட்ரேஸ். சிப்புக்குள்ளேயே இருக்கும் தனி வன்பொருள், செயலி செய்வதைப் பக்கத்திலிருந்து பதிவு செய்கிறது. செயலியின் வேகம் குறைவதில்லை. 1999-இல் வந்த நெக்ஸஸ் 5001 தரம், ஆர்ம் நிறுவனத்தின் கோர்சைட் எல்லாம் இந்த வகைதான்.

ஆனால் எல்லாவற்றையும் பதிவு செய்ய முடியுமா? 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலி, கடிகாரத் துடிப்புக்கு ஒரு கட்டளை வீதம், ஒவ்வொன்றின் 32 பிட் முகவரியையும் வெளியே அனுப்பினால் விநாடிக்கு 9.6 ஜிகாபிட் ஆகிவிடும். அதுவும் ஒரே ஒரு கோருக்கு, அதாவது சிப்பில் உள்ள ஒரு செயலிக்கு! இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. நிரல் ஏற்கெனவே பொறியாளரின் கணினியில் இருக்கிறது. ஊரை அறிந்தவருக்கு ஒவ்வொரு வீட்டையும் சொல்ல வேண்டியதில்லை; எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்றால் போதும். அப்படியே, 'இது உண்மையானால் அங்கே போ' என்ற கிளைக்கு, போனதா இல்லையா என ஒரு பிட் போதும். இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தி வேறொரு வேலைக்குத் தாவச் செய்யும் அழைப்பு) வந்தாலோ, ஓடும்போது கணக்கிட்ட முகவரிக்குத் தாவினாலோதான் முகவரி தேவை. இடையிடையே முழு முகவரியும் வரும். பதிவின் தொடக்கம் அழிந்துபோயிருந்தாலும் அந்த இடத்திலிருந்து வழியைப் பிடித்துக்கொள்ளலாம்.

தரவையும் பதிவு செய்யலாம். அதன் அளவு அதிகம் என்பதால், தேவையான முகவரிகளை மட்டும் வடிகட்டி எடுப்பார்கள்.

ஒரு பிழையைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு எண்ணியை (கவுண்டரை) முதன்மை நிரலும் இன்டரப்டும் ஒவ்வொன்றாகக் கூட்டுகின்றன. முதன்மை நிரல் 41 என்று படிக்கிறது. எழுதுவதற்குள் இன்டரப்ட் நுழைந்து 42 ஆக்கிவிட்டுத் திரும்புகிறது. முதன்மை நிரலோ தான் படித்த 41-உடன் ஒன்றைக் கூட்டி, மறுபடி 42 என்று எழுதுகிறது. 43 ஆக வேண்டியதில் ஒன்று காணாமல் போயிற்று. நிரலை வரிவரியாக வாசித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ட்ரேஸில், நேர முத்திரையோடு, 41 படித்தது, இன்டரப்ட் நுழைந்தது, 42, வெளியேறியது, மறுபடியும் 42 என்று வரிசையாக நிற்கும். அந்த இரண்டாவது 42-ஐப் பார்த்ததும், படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே இன்டரப்டைத் தடுத்து வைத்தால் தீர்ந்தது.